கை பட்டாலே துள்ளும் டச்பேடைச் சரிசெய்வது எப்படி?

கடிதத்தின் ஐந்தாவது வரியை அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கண் கீபோர்டில் இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால், கடைசியாக அடித்த ஏழெட்டுச் சொற்கள் இரண்டாவது வரிக்கு நடுவே, அங்கிருந்த ஒரு சொல்லைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அதை வெட்டி எடுத்துச் சரியான இடத்தில் ஒட்டிவிட்டு மறுபடி அடிக்கத் தொடங்கினால், மூன்று வரி போவதற்குள் அதே கதை. லேப்டாப் புதிதாக வாங்கியவர்கள் முதல் வாரத்தில் சொல்லும் குறைகளில் இது அடிக்கடி வருவது: "டச்பேட் ரொம்ப சென்சிட்டிவா இருக்கு."

இந்த ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. விரலைக் கொஞ்சம் நகர்த்தினாலே அம்புக்குறி திரையின் மறுகோடிக்கு ஓடுவது ஒன்று. உள்ளங்கையோ கட்டைவிரலோ தெரியாமல் பட்டதைக் கிளிக் என்று எடுத்துக்கொள்வது இன்னொன்று. யாரும் தொடாதபோதே அம்புக்குறி நடுங்குவது, தாவுவது, தானாகக் கிளிக் ஆவது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு. பெரும்பாலானவர்கள் எடுத்த எடுப்பில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கிறார்கள். தட்டச்சில் வரி தாவுவதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லாததால் ஒன்றும் மாறுவதில்லை. அதனால் எந்தக் கோளாறு என்று பிரித்தறிவதுதான் முதல் வேலை. அதற்குப் பத்து நிமிடம் போதும்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு பார்வை

லேப்டாப்பை அணைத்து, சமமான மேசைமீது வையுங்கள். நான்கு மூலைகளையும் மாறி மாறி லேசாக அழுத்திப் பாருங்கள். ஆடுகிறதா? பிறகு கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, டச்பேடைப் பக்கவாட்டில் பாருங்கள். சுற்றியுள்ள பரப்போடு அது ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு ஓரம் தூக்கியிருந்தால், சுற்றியுள்ள இடைவெளி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் தெரிந்தால், அல்லது முன்பு மெத்தென்று அழுந்தியது இப்போது கல்போல இறுகியிருந்தால், கீழே இருக்கும் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்புண்டு. பல மாடல்களில் பேட்டரி டச்பேடுக்கு நேர் கீழேயோ ஒட்டினாற்போலவோதான் இருக்கிறது. அது உப்பும்போது டச்பேடை அடியிலிருந்து தள்ளும். தானாகக் கிளிக் ஆவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அப்படி இருந்தால் இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகள் உங்களுக்கு வேண்டாம். சார்ஜரைக் கழற்றுங்கள், லேப்டாப்பை அணையுங்கள், மறுபடி சார்ஜ் போடாமல் சர்வீஸுக்கு எடுத்துச் செல்லுங்கள். உப்பிய இடத்தை அழுத்திச் சமப்படுத்தப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். லித்தியம் பேட்டரி கிழிந்தால் தீப்பற்றும். கழற்றிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடவும் கூடாது. பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை இந்தியாவின் 2022ஆம் ஆண்டுப் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்மீது வைத்திருக்கின்றன. சர்வீஸ் மையத்திலேயே கொடுத்துவிடலாம்.

மூன்று சிறு சோதனைகள்

முதலாவது, கையை எடுத்துவிட்டுப் பார்ப்பது. அம்புக்குறியைத் திரையின் நடுவில் நிறுத்திவிட்டு, இரண்டு நிமிடம் லேப்டாப்பைத் தொடாமல் இருங்கள். சார்ஜர் செருகிய நிலையில் ஒருமுறை, கழற்றிய நிலையில் ஒருமுறை. இரண்டிலும் அசையாமல் நின்றால் டச்பேட் பெரும்பாலும் நல்லபடியாகத்தான் இருக்கிறது. கோளாறு அமைப்புகளில் உள்ளது. சார்ஜர் இருக்கும்போது மட்டும் ஆடினால் மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஆடினால் அழுக்கு, ஈரம், டிரைவர் (டச்பேடை இயக்கும் மென்பொருள்), கேபிள் என்று தேட வேண்டும்.

இந்தச் சோதனைக்கு முன் இரண்டு விஷயங்களை விலக்கிவிடுங்கள். வயர்லெஸ் மவுஸின் ரிசீவர் யுஎஸ்பி துளையில் செருகியிருந்து, மவுஸ் அணைக்கப்படாமல் பைக்குள் கிடந்தால், பை அசையும்போதெல்லாம் அம்புக்குறியும் அசையும். ரிசீவரைக் கழற்றுங்கள். தொடுதிரை உள்ள லேப்டாப் என்றால், திரையில் ஒட்டிய ஈரமோ விரிசலோகூடத் தானாகக் கிளிக் ஆகச் செய்யும். பழி டச்பேடின் தலையில் விழும். விண்டோஸ் கீயோடு 'எக்ஸ்' அழுத்தினால் வரும் பட்டியலில் உள்ள டிவைஸ் மேனேஜரில் 'ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' பிரிவைத் திறந்து, 'எச்ஐடி-கம்ப்ளையன்ட் டச் ஸ்கிரீன்' என்பதை ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுத்துப் பாருங்கள். தாவல் நின்றால் குற்றவாளி திரைதான். லெனோவோவின் திங்க்பேட் போன்ற லேப்டாப்களில் கீபோர்டின் நடுவில் உள்ள சிவப்புக் குமிழைச் சற்று நேரம் அழுத்திவிட்டுக் கையை எடுத்தால், அம்புக்குறி சில விநாடி தானே ஒரு திசையில் ஊர்ந்து நிற்கும். அது தன்னைச் சமன்செய்துகொள்வது, கோளாறு அல்ல.

இரண்டாவது, வேகச் சோதனை. டச்பேடின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை நிதானமாக ஒரே இழுப்பு இழுங்கள். அம்புக்குறி திரையின் அகலத்தைக் கிட்டத்தட்ட ஒருமுறை கடந்தால் சரியான வேகம். பாதி இழுப்பிலேயே திரையைக் கடந்துவிட்டால் வேகம் அதிகம்.

மூன்றாவது, தட்டச்சுச் சோதனை. நோட்பேடைத் திறந்து, திரையைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் வழக்கம்போல அடியுங்கள். எத்தனை முறை வரி தாவியது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே ஐந்து நிமிடத்தை மறுபடி செய்யும்போது, எது பலன் தந்தது என்பது எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் நான்கு அமைப்புகளை மாற்றினால் எதனால் சரியானது என்பதே தெரியாமல் போகும்.

தட்டச்சில் வரி தாவுவது ஏன்?

டச்பேடின் மேல்தகட்டுக்கு அடியில் நெடுக்கும் குறுக்குமாக மெல்லிய மின்தடங்கள் ஓடுகின்றன. விரல் அருகே வரும்போது அந்த இடத்தின் மின்தேக்கம் மாறும். எங்கே மாறியது என்பதை உள்ளே இருக்கும் சிப் கணக்கிடும். எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பது இங்கே பொருட்டில்லை. மின்சாரம் கடத்தும் எதுவும் மேலே பட்டால் போதும். கட்டைவிரலின் அடிமேடு லேசாக உரசினாலும் அது ஒரு தொடுகைதான். கையில் போட்டிருக்கும் உலோக வளையல், வாட்ச்சின் செயின், தொளதொளவென்ற காப்பு பட்டாலும் அப்படியே. வளையல் அணிபவர்கள் சோதனையின்போது ஒருமுறை அதைக் கழற்றிவைத்து அடித்துப் பாருங்கள். சிலருக்கு அதோடு கோளாறு முடிந்துவிடும்.

இங்கே ஒரு நுட்பம். அம்புக்குறி வேறு, எழுத்து விழும் இடத்தில் மின்னிக்கொண்டிருக்கும் கோடு வேறு. உள்ளங்கை பட்டு அம்புக்குறி நகர்ந்தால் எழுத்துக்கு ஒன்றும் ஆகாது. அம்புக்குறி நிற்கும் இடத்தில் ஒரு 'கிளிக்' விழும்போதுதான் மின்னும் கோடு அங்கே தாவுகிறது. அந்தக் கிளிக் எங்கிருந்து வருகிறது? அழுத்தாமலேயே விரலால் தட்டினால் கிளிக் ஆகும் வசதியிலிருந்து. உள்ளங்கை ஒரு கணம் பட்டு விலகுவதை லேப்டாப் ஒரு தட்டலாக எண்ணிக்கொள்கிறது. ஆகவே அந்த வசதியை அணைத்தால், வரி தாவுவது பெரும்பாலும் அந்த நிமிடமே நின்றுவிடும்.

விண்டோஸ் 11இல் செய்ய வேண்டியது:

1. விண்டோஸ் கீயோடு 'ஐ' எழுத்தை அழுத்தி செட்டிங்ஸைத் திறக்கவும்.
2. இடப்பக்கம் 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', பிறகு வலப்பக்கம் 'டச்பேட்'. விண்டோஸ் 10இல் இது 'டிவைசஸ்' என்பதற்குள் 'டச்பேட்' என்றிருக்கும்.
3. 'டேப்ஸ்' என்ற வரியை விரிக்கவும். மேலே 'டச்பேட் சென்சிட்டிவிட்டி' என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் மோஸ்ட் சென்சிட்டிவ், ஹை, மீடியம், லோ என நான்கு நிலைகள். 'லோ சென்சிட்டிவிட்டி' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.
4. தட்டச்சுச் சோதனையை மறுபடி செய்யவும். தாவல் இன்னும் இருந்தால், அதே இடத்தில் 'டேப் வித் எ சிங்கிள் ஃபிங்கர் டு சிங்கிள்-கிளிக்' என்ற டிக்கை எடுத்துவிடவும்.
5. அதோடு 'டேப் டுவைஸ் அண்ட் டிராக் டு மல்டி-செலக்ட்' என்பதையும் எடுத்துவிடவும். அடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பத்தி முழுவதும் நீலமாகத் தேர்வாகி, அடுத்த எழுத்தை அடித்ததும் பத்தியே காணாமல் போகும் விபத்து இதனால்தான் நேர்கிறது. அப்படிப் போய்விட்டால் பதறாமல், வேறு எதையும் அடிக்காமல் கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்துங்கள். பத்தி திரும்ப வரும்.

மூன்றாவது படியில் உள்ள 'சென்சிட்டிவிட்டி' என்ற பெயர் பலரைக் குழப்புகிறது. அதைக் குறைத்தால் அம்புக்குறி மெதுவாக ஓடும் என்று நினைக்கிறார்கள், ஓடாது. ஒரு கீயை அடித்த பிறகு எவ்வளவு நேரத்துக்கு டச்பேடின் தொடுகையைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. விண்டோஸ் 8.1இல் இதே அமைப்பு தாமதம் என்ற பெயரிலேயே இருந்தது: தாமதமில்லை, குறுகிய தாமதம், நடுத்தரம், நீண்டது. அந்தப் பழைய பெயரே பொருத்தம். 'லோ' என்று வைத்தால் தட்டச்சை நிறுத்திய உடனே செய்யும் தட்டல் சில சமயம் பலிக்காது, ஒரு கணம் பொறுக்க வேண்டும். எழுதுகிறவருக்கு இது பெரிய விலை அல்ல. கீபோர்டையும் டச்பேடையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தி விளையாடுகிறவர்கள் மட்டும் விளையாடும்போது 'மோஸ்ட் சென்சிட்டிவ்' வைத்துக்கொண்டு, பிறகு மாற்ற வேண்டியிருக்கும்.

நாள் முழுக்க எழுத்து வேலை செய்கிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை, தட்டிக் கிளிக் செய்வதை முழுவதுமாக அணைத்துவிடுவதுதான். டச்பேடின் கீழ்ப்பகுதியை 'டக்' என்று அழுத்தினால் கிளிக். முதல் இரண்டு நாள் கை தேடும். மூன்றாம் நாள் பழகிவிடும். இரண்டு விரலால் தட்டி ரைட் கிளிக் செய்யும் வசதி தனி டிக்கில் இருப்பதால் அதை அப்படியே விட்டுவைக்கலாம். இரண்டு விரல் தெரியாமல் சேர்ந்து படுவது அரிது.

பக்கம் திடீரென்று பெரிதாகிறது, சிறிதாகிறது என்றால் அதே திரையில் 'ஸ்க்ரோல் அண்ட் ஜூம்' பகுதியில் 'பிஞ்ச் டு ஜூம்' டிக்கை எடுங்கள். சன்னல்கள் எல்லாம் ஒருசேரக் கீழே போய் டெஸ்க்டாப் தெரிகிறது என்றால், 'த்ரீ-ஃபிங்கர் ஜெஸ்சர்ஸ்', 'ஃபோர்-ஃபிங்கர் ஜெஸ்சர்ஸ்' இரண்டிலும் 'நத்திங்' வையுங்கள். வெளி மவுஸ் எப்போதும் வைத்திருப்பவர்கள் 'லீவ் டச்பேட் ஆன் வென் எ மவுஸ் இஸ் கனெக்டட்' டிக்கை எடுத்துவிட்டால், மவுஸைச் செருகியதும் டச்பேட் தானே அணைந்துவிடும். இதைவிட எளிய தீர்வு வேறில்லை.

கை வைக்கும் பழக்கத்தையும் ஒருமுறை கவனியுங்கள். பலர் ஆள்காட்டி விரலால் நகர்த்தும்போது, கட்டைவிரலைக் கிளிக்குக்குத் தயாராக டச்பேடின் கீழ் ஓரத்தில் ஊன்றியே வைத்திருப்பார்கள். லேப்டாப்புக்கு அது இரண்டு விரல். சில நேரம் ஸ்க்ரோல் ஆகும், சில நேரம் அம்புக்குறி தாவும். வலப்பக்கம் எண் கீகள் உள்ள அகலமான லேப்டாப்பில் டச்பேட் இடப்பக்கம் தள்ளி, ஸ்பேஸ் கீக்கு நேராக இருக்கும். அதில் திரையின் நடுவுக்கு நேராக உட்கார்ந்து அடித்தால் வலது உள்ளங்கை டச்பேட் மேலேயே விழும். ஸ்பேஸ் கீக்கு நேராக உட்காருங்கள்.

டச்பேட் பக்கமே காணவில்லை என்றால்

மேலே சொன்ன அமைப்புகளைத் தேடினால் 'டச்பேட்' என்ற வரியே இல்லை, 'மவுஸ்' மட்டும்தான் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். குறிப்பாக ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்ட லேப்டாப்பில் இது நேரும். காரணம் இதுதான்: இன்றைய டச்பேடுகளில் பெரும்பாலானவை ஐ2சி என்ற இணைப்பு வழியாகக் கணினியோடு பேசுகின்றன. அந்த இணைப்புக்கான சிப்செட் டிரைவர் போடப்படவில்லை என்றால், பல மாடல்களில் டச்பேட் பழைய பிஎஸ்/2 மவுஸ் வேடத்தில் ஓடும். அம்புக்குறி நகரும், கிளிக்கும் ஆகும். ஆனால் எது உள்ளங்கை, எது விரல் என்று பிரிக்கும் அறிவு விண்டோஸுக்குக் கிடைக்காது. விளைவு, எது பட்டாலும் கிளிக்.

விண்டோஸ் கீயோடு 'எக்ஸ்' அழுத்தி டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். 'ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' கீழே 'எச்ஐடி-கம்ப்ளையன்ட் டச் பேட்' இருந்தால் எல்லாம் சரி. அது இல்லாமல், 'மைஸ் அண்ட் அதர் பாயின்டிங் டிவைசஸ்' கீழே வெறும் 'பிஎஸ்/2 கம்பாட்டிபிள் மவுஸ்' இருந்தால் டிரைவர் போடவில்லை என்று பொருள். லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணையோ சீரியல் எண்ணையோ குறித்துக்கொண்டு, அதைத் தயாரித்த நிறுவனத்தின் சப்போர்ட் தளத்தில் தேடி, இந்த வரிசையில் போடுங்கள்: முதலில் சிப்செட் டிரைவர், அடுத்து 'சீரியல் ஐஓ' அல்லது 'ஐ2சி' என்று பெயர் வருவது, கடைசியில் டச்பேட் டிரைவர். ஒவ்வொன்றுக்கும் பிறகு ரீஸ்டார்ட். வரிசை மாறினால் டச்பேட் டிரைவர் தன் சாதனத்தைக் கண்டுபிடிக்காமல் பிழை காட்டும். விண்டோஸ் அப்டேட்டில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்று உள்ளே போனால் சில சமயம் அதே டிரைவர்கள் அங்கேயே காத்திருக்கும். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களின் பக்கம் போகாதீர்கள். வேறு மாடலின் டிரைவரைப் போட்டுவிட்டுப் போகும்.

இந்த வேலை முடியும்வரை யுஎஸ்பி மவுஸ் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். டிரைவரை நீக்கும் நேரத்தில் டச்பேட் முழுவதுமாகச் செயலிழக்கலாம்.

பத்து ஆண்டுக்கு முந்தைய லேப்டாப்களில் டச்பேடின் அமைப்புகள் கன்ட்ரோல் பேனலில், மவுஸ் பிராப்பர்ட்டீஸின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். டச்பேடைத் தயாரித்தது சினாப்டிக்ஸ் நிறுவனம் என்றால் அதில் 'செட்டிங்ஸ்' பொத்தானை அழுத்தி, 'பாம்செக்' அல்லது 'ஸ்மார்ட்சென்ஸ்' ஸ்லைடரை அதிகபட்சத்தை நோக்கி இரண்டு படி நகர்த்துங்கள். 'டச் சென்சிட்டிவிட்டி' ஸ்லைடர் தனியாக இருக்கும். அதைக் கனமான தொடுகைப் பக்கம் ஒரே ஒரு படி மட்டும் நகர்த்துங்கள். முழுவதுமாகத் தள்ளினால் விரலையே கண்டுகொள்ளாது. எலன் நிறுவனத்தின் டச்பேட் என்றால் 'பாம்' (உள்ளங்கை) என்ற சொல் வரும் ஸ்லைடரைத் தேடுங்கள்.

ஒரு அப்டேட்டுக்குப் பிறகுதான் கோளாறு தொடங்கியது என்றால், டிவைஸ் மேனேஜரில் டச்பேடை ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்', 'டிரைவர்' பக்கத்துக்குப் போய் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழைய டிரைவர் இல்லை. நிறுவனத் தளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

வேகம்

இது சின்ன வேலை. டச்பேட் பக்கத்தில் 'கர்சர் ஸ்பீட்' என்ற ஸ்லைடர் 1 முதல் 10 வரை போகும். 4இல் வைத்து வேகச் சோதனை செய்யுங்கள். ஒரு இழுப்பில் திரை ஒருமுறை கடக்கும் அளவுக்கு ஒவ்வொரு எண்ணாகக் கூட்டிக் குறைத்து நிறுத்துங்கள். 1இலும் 2இலும் கொண்டுபோய் வைத்தால் ஒரு பட்டனுக்குப் போக மூன்று முறை இழுக்க வேண்டிவரும், மணிக்கட்டுதான் வலிக்கும். வெளி மவுஸின் வேகம் 'மவுஸ்' பக்கத்தில் தனியாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சார்ஜர் போட்டால் மட்டும் நடுங்குகிறதா?

முதல் சோதனையில், சார்ஜரைக் கழற்றியதும் அம்புக்குறி அமைதியானது என்றால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. டச்பேட் அளப்பது மிக நுண்ணிய மின்மாற்றத்தை. சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் அதோடு கலந்தால், விரல் இல்லாத இடத்திலும் விரல் இருப்பதாக அது நம்பும். இந்த இரைச்சலை வடித்துவிடும் பாதைதான் எர்த்.

மூன்று பின் பிளக்கில் மற்ற இரண்டைவிடத் தடித்தும் நீண்டும் இருப்பது எர்த் பின். அதை இரண்டு துளை மட்டும் உள்ள மல்டிபிளக்கிலோ மலிவான எக்ஸ்டென்ஷனிலோ எப்படியோ நுழைத்துவிட்டால் எர்த் அறுந்துபோகிறது. உலோக உடல் கொண்ட லேப்டாப் என்றால், அப்போது புறங்கையால் லேசாகத் தடவும்போது எறும்பு ஊர்வதுபோல, பரப்பு சொரசொரப்பாக மாறியதுபோல இருக்கும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் அது. சுரீரென்று அடித்தால் அது வேறு. சார்ஜரை உடனே கழற்றிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

செய்ய வேண்டியது: சார்ஜரின் மூன்று பின்னையும் சுவரிலுள்ள மூன்று துளை சாக்கெட்டில் நேரடியாகச் செருகி மறுபடி இரண்டு நிமிடச் சோதனை. மாறவில்லை என்றால் வேறு வீட்டிலோ அலுவலகத்திலோ அதே சார்ஜரோடு பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் உங்கள் வீட்டு சாக்கெட்டில் எர்த் இணைக்கப்படவில்லை. துளை இருப்பதாலேயே உள்ளே கம்பி இருக்கும் என்று சொல்ல முடியாது. எங்கே போனாலும் நடுங்கினால் சார்ஜர் மேல் சந்தேகம். மாற்று வாங்கும்போது வோல்ட் துல்லியமாகப் பொருந்த வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். பழையதில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றிருந்தால் அது 65 வாட் சார்ஜர்; 19.5 வோல்ட்டில் 90 வாட் போடலாம், 45 வாட் போடக்கூடாது.

அழுக்கும் எண்ணெயும்

தலைக்கு எண்ணெய் வைத்த கை, பஜ்ஜி தின்ற விரல், வியர்வை. டச்பேட் மேல் படியும் இந்தப் படலம் விரலின் எல்லையை மங்கலாக்குகிறது. அம்புக்குறி நின்று நின்று தாவுவதற்கு இதுவே போதும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கண்ணாடி துடைக்கும் மென்துணியில் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நான்கைந்து சொட்டு விட்டு, ஒரே திசையில் துடையுங்கள். நேரடியாக டச்பேட் மேல் ஊற்றவோ தெளிக்கவோ வேண்டாம்; விளிம்பு இடைவெளி வழியாக உள்ளே இறங்கும். அந்த இடைவெளியில் அடைந்த பிஸ்கட் தூளையும் தூசியையும் காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் வெளியே தள்ளுங்கள். பத்து நிமிடம் காயவிட்டு ஆன் செய்யுங்கள். கை சானிடைசரில் கிளிசரின் கலந்திருப்பதால் பிசுபிசுப்பைத்தான் விட்டுவைக்கும். அலங்காரத்துக்கு ஒட்டிய ஸ்கின், ஸ்டிக்கர், பாதுகாப்பு ஃபிலிம் ஏதாவது இருந்தால் உரித்துவிடுங்கள். அடியில் காற்றுக் குமிழி நின்றாலே அந்த இடம் தடுமாறும்.

விண்டோஸ் அல்லாதவை

மேக்கில் தட்டிக் கிளிக் செய்வது வாங்கும்போது அணைந்தே இருக்கும். யாரோ போட்டுக் கொடுத்திருந்தால் சிஸ்டம் செட்டிங்ஸ், 'டிராக்பேட்' பக்கத்தில் 'டேப் டு கிளிக்' அணைக்கலாம். அங்கேயே 'டிராக்கிங் ஸ்பீட்' வேகத்துக்கு. 'கிளிக்' என்பதை 'ஃபர்ம்' என்று வைத்தால் பலமாக அழுத்தினால்தான் கிளிக் ஆகும். உபுண்டுவில் செட்டிங்ஸ், 'மவுஸ் அண்ட் டச்பேட்' பக்கத்தில் 'டேப் டு கிளிக்' இருக்கிறது. புதிய பதிப்புகளில் 'டிசேபிள் டச்பேட் வைல் டைப்பிங்' என்ற டிக்கும் உண்டு, அது போட்டே இருக்கட்டும். குரோம்புக்கில் செட்டிங்ஸ், 'டிவைஸ்', 'டச்பேட்' என்று போய் 'டேப்-டு-கிளிக்', 'டேப் டிராகிங்' இரண்டையும் அணையுங்கள்.

சர்வீஸ் கடைக்குப் போகும்போது

எல்லாம் செய்தும் கை படாமலேயே தாவுகிறது என்றால் உள்ளே ரிப்பன் கேபிள் தளர்ந்திருக்கலாம், தண்ணீர் இறங்கித் தடங்கள் அரித்திருக்கலாம், டச்பேடே பழுதாகியிருக்கலாம். வாரண்டி இருந்தால் திறக்காதீர்கள். கடையில் வெறுமனே "டச்பேட் சரியில்லை" என்று சொன்னால் முதலில் ஃபார்மேட் செய்துதான் பார்ப்பார்கள். உங்கள் ஃபைல்களுக்கு அது ஆபத்து. "கை வைக்காமலே நகர்கிறது, சார்ஜர் இல்லாமலும் நகர்கிறது, டிரைவர் மறுபடி போட்டாயிற்று, டச்பேடை டிசேபிள் செய்தால் நிற்கிறது" என்று இப்படிச் சொல்லுங்கள். எங்கே திறக்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

கீபோர்டு, கீல், பேட்டரி எதையாவது மாற்றிய பிறகு தொடங்கிய கோளாறு என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். ரிப்பன் கேபிள் ஒரு மில்லிமீட்டர் கோணலாக உட்கார்ந்தாலும் இப்படி ஆகும். அடிமூடியின் திருகுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. பின்பக்கத்துக்குரிய நீளத் திருகை டச்பேடுக்கு அருகே பூட்டினால் அதன் நுனி உள்ளே எதையாவது முட்டும். பணம் கொடுப்பதற்கு முன் சார்ஜர் செருகியும் கழற்றியும் இரண்டிரண்டு நிமிடம் கையை எடுத்துப் பாருங்கள், பிறகு நோட்பேடில் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். மூடியைப் போட்டு எல்லாத் திருகையும் முறுக்கிய பிறகே இதைச் செய்ய வேண்டும். மூடி திறந்திருக்கும்போது ஒழுங்காக ஓடிய டச்பேட், கடைசித் திருகு இறங்கியதும் மறுபடி தானாகக் கிளிக் ஆவதுண்டு.